எபோலா வந்துபோகும் ஊரில் குடியிருக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஆறு ஆண்டுகளாக உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வசிக்கிறோம். என் கணவர் ஜின்ஜா சாலையில் உள்ள ஓர் எஃகு ஆலையில் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறார். 2022-இல் முபெண்டே மாவட்டத்தில் எபோலா பரவியபோது, எங்கள் வீட்டில் வேலை செய்த பெண்ணின் சொந்த ஊர் அது என்பதால், பயந்துபோய் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அவரை நிறுத்திவிட்டோம். 2025 ஜனவரியில் கம்பாலாவிலேயே நோய் வந்துவிட்டது. மதுரையில் இருக்கும் என் மாமியார் தினமும் தொலைபேசியில் அழுது, பேரனை மட்டுமாவது அனுப்பச் சொன்னார். நாங்கள் அனுப்பவில்லை. அந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. இப்போது கணவரின் ஒப்பந்தத்தை மேலும் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கக் கேட்கிறார்கள். மகனுக்கு ஏழு வயது. இத்தகைய நோய் திரும்பத் திரும்ப வரும் இடத்தில் இருப்பது சரியா? அடுத்த முறை வந்தால் எந்தக் கட்டத்தில் கிளம்ப வேண்டும்? நிறுத்திய பெண்ணை மறுபடி அழைக்க நினைக்கிறேன். அதில் ஆபத்து உண்டா?
– கம்பாலாவிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். எபோலா என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் அந்த ஒப்பந்தத்தை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இந்தப் பதிலுடன் ஒரு நிபந்தனையைச் சேர்த்தே சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்கு நள்ளிரவில் காய்ச்சல் அடித்தால் எந்த மருத்துவமனைக்குப் போவீர்கள், யாரிடம் முதலில் தொலைபேசியில் பேசுவீர்கள் என்பதை, ஊரில் எபோலா பரவாத நாட்களிலேயே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். தொற்றுநோய் மருத்துவத்தில் இருக்கும் எனக்கு, நோய் பரவும் பகுதிக்கு அருகில் வாழும் ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் இந்த ஒரு முடிவில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

முபெண்டே கம்பாலாவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 2022-இல் அந்தத் தொலைவு உங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும், 2025-இல் நோய் உங்கள் நகரின் முலாகோ மருத்துவமனையிலேயே தெரியவந்தபோது அந்த ஆறுதல் போயிருக்கும். ஆனால் எபோலாவின் ஆபத்தைக் கிலோமீட்டர் கணக்கில் அளக்க முடியாது. இந்த வைரஸ், நோய்வாய்ப்பட்டவரின் இரத்தம், வாந்தி, கழிச்சல் போன்ற உடல் திரவங்கள் இன்னொருவரின் வாய், மூக்கு, கண், தோலில் உள்ள காயம் ஆகியவற்றில் படும்போது தொற்றுகிறது. உடலுக்குள் நுழைந்த 2 முதல் 21 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். அவை தோன்றும் வரை அந்த நபரிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. நோய் முற்ற முற்ற உடலில் வைரஸின் அளவு பெருகுகிறது; இறந்த உடலில் அது மிக அதிகமாக இருக்கிறது. ஆகவே நகரத்தில் உங்கள் அருகில் நடந்து செல்பவரைவிட, படுக்கையில் கிடப்பவருக்குப் பணிவிடை செய்யும் தாய், மனைவி, செவிலியர், இறந்தவரைக் குளிப்பாட்டும் உறவினர் ஆகியோரே பெரும்பாலும் இந்த நோய்க்கு ஆளாகிறார்கள். அன்பு காட்டுபவரைத் தேடிப் பிடிக்கும் நோய் என்பதால்தான் இது இவ்வளவு கொடுமையானது.

உகாண்டாவின் வரலாறும் இதையே காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டு வடக்கே குலுவில் தொடங்கிய பரவலில் 425 பேர் பாதிக்கப்பட்டு 224 பேர் இறந்தார்கள். அங்குள்ள லாகோர் மருத்துவமனையை நடத்திய மருத்துவர் மத்தியூ லுக்வியா, தம் செவிலியர்கள் ஒருவர்பின் ஒருவராக விழுந்தபோதும் விலகாமல் உடனிருந்து, அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று அதே நோயால் உயிரிழந்தார். 2022 செப்டம்பர் 20 முதல் 2023 ஜனவரி 11 வரை நீடித்த முபெண்டே பரவலில் 142 பேருக்கு ஆய்வகத்தில் நோய் உறுதியானது. அவர்களில் 55 பேர் இறந்தார்கள். பரிசோதிக்கப்படும் முன்பே இறந்துபோன, இந்த நோயாகவே இருந்திருக்கக்கூடிய 22 பேரையும் சேர்த்தால் இறப்பு 77. 2025-இல் உங்கள் நகரத்தில் தொடங்கிய பரவலில் மொத்தம் 14 பேர் பாதிக்கப்பட்டு 4 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 26 அன்று அது முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. நெரிசல் மிகுந்த தலைநகரத்தில் தொடங்கிய பரவல், மாவட்டத்தில் தொடங்கியதைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக அடங்கியிருக்கிறது. நோயைச் சீக்கிரம் சந்தேகித்து, எண்டெபேயில் உள்ள உகாண்டா வைரஸ் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதிரியை அனுப்பி, தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்ததே இதற்குப் பெரிய காரணம்.

பெருநகரம் என்றாலே பெருநாசம் என்று எண்ண வேண்டாம் என்பதற்கு நைஜீரியாவின் லேகோஸ் நகரம் இன்னொரு சான்று. 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து நோயோடு விமானத்தில் வந்து இறங்கிய ஒருவர் அங்கே தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவரை வெளியே விடும்படி வந்த அழுத்தங்களுக்கு மருத்துவர் அமெயோ ஸ்டெல்லா அடாடேவோ பணியவில்லை. பரிசோதனை முடியும் வரை பிடித்து வைத்தார். அந்த மருத்துவரும் அந்நோய்க்குப் பலியானார். ஆனால் கோடிக்கணக்கான மக்கள் வாழும் அந்த நாட்டில் நோய் 20 பேரோடும் 8 இறப்புகளோடும் நின்றது. ஏறத்தாழ 900 பேரை வீடு தேடிச் சென்று நாள்தோறும் கண்காணித்திருந்தார்கள். அக்டோபர் 20 அன்று நைஜீரியாவில் நோய் இல்லை என்று அறிவிக்கப்பட்டது.

இனி காய்ச்சலுக்கு வருகிறேன். எபோலா தொடக்கத்தில் எபோலாவைப் போல இருப்பதில்லை. காய்ச்சல், தலைவலி, உடல்வலி, தொண்டை வலி, மிகுந்த சோர்வு என்றுதான் ஆரம்பிக்கும். பிறகு வாந்தியும் கழிச்சலும் வரும். இரத்தக் கசிவு எல்லாருக்கும் வருவதில்லை, வந்தாலும் பெரும்பாலும் பிற்பகுதியில்தான் வரும். ஆகவே இரத்தம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருப்பது தவறு. கம்பாலாவில் இதே அறிகுறிகளோடு வரும் நோய் மலேரியா. உலகின் மலேரியா நோயாளிகளில் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் உகாண்டாவில் இருக்கிறார்கள். அங்கே மிகுதியாகக் காணப்படும் ஃபால்சிபாரம் வகை, கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாட்களில் மூளையைத் தாக்கிக் குழந்தைகளைக் கொன்றுவிடும். உங்கள் மகனுக்கு எபோலாவைவிட மலேரியாவால் வரும் ஆபத்து பல மடங்கு அதிகம். எபோலா செய்திக்காகத் தூக்கமிழக்கும் வீடுகளில் கொசுவலை கிழிந்து தொங்குவதைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன். வலையை இன்று பாருங்கள்.

இரண்டும் ஒரே முகத்தோடு வருவதால், காய்ச்சல் வந்தவர் அலைவதுதான் பெரிய ஆபத்து. 2022-இல் முபெண்டேயில் முதலில் உறுதிசெய்யப்பட்ட இளைஞர், மாவட்ட மருத்துவமனையை அடையும் முன்பு வேறு இடங்களில் சிகிச்சை பெற்றிருந்தார். 2025-இல் கம்பாலாவில் இறந்த முதல் நோயாளி ஒரு செவிலியர். அவரும் பல மருத்துவமனைகளுக்கும் ஒரு நாட்டு வைத்தியரிடமும் போய்வந்த பிறகே நோய் தெரிந்தது. இவர்கள் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. குணமாகவில்லை என்றால் வேறு மருத்துவரைத் தேடுவது நாம் எல்லாரும் செய்வதுதான். ஆனால் பரவல் நடக்கும் காலத்தில் ஒவ்வொரு காத்திருப்பு அறையும் இரண்டு வழிகளில் ஆபத்தாகிறது: நோயாளி அங்கே நோயைக் கொண்டுசெல்லலாம், மலேரியாவோடு போனவர் அங்கே எபோலாவை வாங்கி வரலாம். 1976-இல் காங்கோவின் யாம்புக்கு என்ற ஊரில் இந்த நோய் முதன்முதலில் அறியப்பட்டபோது, அங்கிருந்த மிஷன் மருத்துவமனையில் ஊசிகளைக் கிருமி நீக்காமல் மறுபடி மறுபடி பயன்படுத்தியதே பரவலுக்கு முக்கிய காரணமாக இருந்தது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. நல்ல ஆய்வக வசதியும், காய்ச்சல் நோயாளிகளைத் தனியாக வைத்துப் பார்க்கும் இடமும், கையுறையும் ஊசியும் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பயன்படுத்தும் ஒழுங்கும் உள்ள ஒரு மருத்துவமனையை இப்போதே நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு மருத்துவரிடம் குடும்பத்தோடு அறிமுகமாகி, அவருடைய தொலைபேசி எண்ணை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். பரவல் அறிவிக்கப்பட்டிருக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால், முதலில் அவரை அழைத்து, கடந்த 21 நாட்களில் எங்கே போனோம், நோயாளி எவரையாவது பார்த்தோமா, துக்க வீட்டுக்குப் போனோமா என்பதை ஒளிக்காமல் சொல்லி, எந்த வாசல் வழியாக வர வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போங்கள். போடா-போடா எனப்படும் வாடகை மோட்டார் சைக்கிளிலோ கூட்டம் நிறைந்த டாக்சி வேனிலோ நோயாளியை ஏற்ற வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். இரத்தக் கசிவை அதிகப்படுத்தக்கூடிய ஆஸ்பிரினும் ஐபுப்ரூஃபனும் வேண்டாம். மலேரியாப் பரிசோதனையைத் தள்ளிப்போட விடாதீர்கள். எபோலாவுக்கான பரிசோதனையைக் காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாட்களுக்குள் எடுத்து அதில் இல்லை என்று வந்தால், உடம்பு தேறாத நிலையில் அதையே முடிவாகக் கொள்ளாமல் மறுபடி எடுக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்த ஒழுங்கு விடுமுறைக்கு மதுரை வரும்போதும் தொடர வேண்டும். திரும்பி வந்த முதல் சில வாரங்களில் காய்ச்சல் அடித்தால், தெரு முனை கிளினிக்கில் “வைரஸ் காய்ச்சல்தான்” என்று மருந்து கொடுத்து அனுப்புவது எளிது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மலேரியாவை நம்மூர் மருத்துவர் உடனே நினைக்காமல் போகலாம். உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறோம் என்பதே நீங்கள் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும்.

தடுப்பூசி போட்டுவிட்டால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எபோலா என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் வகைகள் உண்டு. எர்வெபோ என்ற தடுப்பூசியும், அங்கீகாரம் பெற்ற இரண்டு நோயெதிர்ப்பு மருந்துகளும் ஸயர் வகைக்கானவை. 2019-இல் காங்கோவிலிருந்து எல்லை தாண்டி உகாண்டாவின் கசேசே மாவட்டத்துக்குள் வந்தது அந்த வகை. ஆனால் குலுவிலும், முபெண்டேயிலும், 2025-இல் கம்பாலாவிலும் வந்தது சூடான் வகை. 2025 பரவலின்போது அந்த வகைக்கு அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இல்லை. நோய் அறிவிக்கப்பட்ட நான்காம் நாளே, பிப்ரவரி 3 அன்று, தொடர்பில் இருந்தவர்களுக்கு ஒரு சோதனைத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அவ்வளவு விரைவாக அத்தகைய சோதனை தொடங்கியது பாராட்டத்தக்கது. ஆனால் உங்களைப் போன்ற குடும்பம் முன்கூட்டியே போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கக்கூடிய ஊசியாக அதை எண்ணக் கூடாது. அடுத்த முறை செய்தி வந்தால், “எந்த வகை?” என்று முதலில் கேளுங்கள்.

எப்போது கிளம்ப வேண்டும் என்ற கேள்விக்கு, இத்தனை நோயாளிகள் சேர்ந்தால் என்று ஓர் எண்ணைச் சொல்ல நான் விரும்பவில்லை. 2014-இல் லைபீரியாவின் மன்ரோவியாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். மருத்துவர்களும் செவிலியர்களும் இறந்ததாலும் அஞ்சியதாலும் மருத்துவமனைகள் மூடப்பட்டன. மலேரியா வந்த குழந்தைக்கும் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கும் போக இடமில்லாமல் போயிற்று. எபோலாவே தொடாத குடும்பங்களிலும் சாவு விழுந்தது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் கவனிக்கும் அடையாளம் அதுதான். நீங்கள் தேர்ந்தெடுத்து வைத்த மருத்துவமனை சாதாரண நோயாளிகளைச் சேர்க்க மறுக்கத் தொடங்கினால், உங்கள் மருத்துவர், “இப்போது குழந்தையைக் கொண்டுவராதீர்கள்” என்று சொல்லத் தொடங்கினால், மகனை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள். 2022-இலும் 2025-இலும் கம்பாலா அந்த நிலைக்குப் போகவில்லை. 2022 நவம்பரில் பள்ளிகளை இரண்டு வாரம் முன்னதாக மூடியதோடு நின்றது. எனவே மகனை அனுப்பாமல் இருந்த உங்கள் முடிவு தவறில்லை. அனுப்பியிருந்தாலும் தவறென்று சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் நோயாளியோடு தொடர்பு இருந்ததாகச் சுகாதாரத் துறை உங்களைப் பட்டியலில் சேர்த்திருந்தாலோ, உங்களுக்கே அப்படி ஓர் ஐயம் இருந்தாலோ, 21 நாட்கள் முடியும் வரை பயணம் கூடாது. இதில் விலக்கே இல்லை. காய்ச்சலை மாத்திரையால் அடக்கிக்கொண்டு விமான நிலைய வெப்பமானியைத் தாண்டுபவர், நோய் வந்தால் தம் தாயின் மடியில்தான் போய் விழுவார். 2014 நவம்பரில் லைபீரியாவில் எபோலாவிலிருந்து நலமடைந்த இந்திய இளைஞர் ஒருவர், குணமானதற்கான சான்றிதழோடு தில்லி வந்து இறங்கினார். அவருடைய இரத்தத்தில் வைரஸ் இல்லை. விந்தணுத் திரவத்தில் இருந்தது. நலமடைந்த ஆண்களிடம் அது பல மாதங்கள் தங்கக்கூடும் என்பதால், அது தீரும் வரை அவரை விமான நிலையத்திலேயே தனிமையில் வைத்துக் கவனித்தார்கள். அவரால் ஒருவருக்கும் நோய் வரவில்லை. அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மருத்துவக் காப்பீட்டில் இத்தகைய காய்ச்சலுக்கான சிகிச்சையும் நாட்டைவிட்டு அழைத்துச் செல்லும் செலவும் அடங்குமா என்று ஆலை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கம்பாலாவில் உள்ள இந்தியத் தூதரகத்தில் குடும்பத்தின் விவரங்களைப் பதிந்து வையுங்கள்.

நம் பழக்கம் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் படுத்திருப்பவரைப் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பதையும், இறந்தவரின் முகத்தைத் தொட்டு அழுவதையும் கடமையாக எண்ணுபவர்கள் நாம். உகாண்டா மக்களும் அப்படித்தான்; அடக்கத்துக்குப் போகாமல் இருப்பது அங்கே பெரும் குறை. பரவல் காலத்தில் இரண்டையும் நிறுத்திவையுங்கள். ஆலைத் தொழிலாளி வீட்டில் சாவு நேர்ந்தால், அமபுகோ என்று அங்கே சொல்லப்படும் துக்கப் பணத்தை மனமுவந்து அனுப்புங்கள், தொலைபேசியில் பேசுங்கள், பரவல் முடிந்த பிறகு நேரில் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சந்தையில் காய்கறி வாங்குவதையும், நன்றாக வேகவைத்த கோழியையும் மீனையும் விட வேண்டியதில்லை. காட்டு விலங்கின் இறைச்சியைத் தொட வேண்டாம். குயின் எலிசபெத் பூங்காப் பக்கம் விடுமுறைக்குப் போனால் வௌவால்கள் அடைந்த குகைக்குள் நுழைய வேண்டாம். 2008-இல் மரமகாம்போ காட்டின் மலைப்பாம்புக் குகைக்குள் போய்வந்த டச்சுச் சுற்றுலாப் பயணி ஒருவர், எபோலாவின் உறவான மார்பர்க் நோயால் தம் நாட்டுக்குத் திரும்பிய பின் இறந்தார்.

மாமியாரிடம் எண்களைச் சொல்லி வாதாட வேண்டாம். அவருடைய அழுகைக்குக் காரணம், தாம் அருகில் இல்லாத இடத்தில் பேரனுக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பார்ப்பார்கள் என்பதுதான். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அந்தத் தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். மருத்துவமனையின் பெயர், மருத்துவரின் எண், எந்த நிலை வந்தால் பேரனை அழைத்து வருவோம் என்ற உங்கள் முடிவு மூன்றையும் அதில் எழுதுங்கள். அந்த முடிவை எடுக்கும்போது அவரையும் கலந்து பேசியிருந்தால் மனத்தாங்கல் பாதி குறையும்.

கடைசியாக, நீங்கள் நிறுத்திய அந்தப் பெண். அவரை அழைப்பதில் எந்த ஆபத்தும் இல்லை. முபெண்டே பரவல் 2023 ஜனவரியிலேயே முடிந்தது. கடைசி நோயாளிக்குப் பின் 42 நாட்கள் காத்திருந்தே அப்படி அறிவித்தார்கள். அன்றும் கூட, அவர் ஊருக்குப் போய் வராமல் உங்கள் வீட்டிலேயே இருந்தவர் என்றால், அவரிடமிருந்து உங்களுக்கு நோய் வர வழி இருந்திருக்காது. பிறந்த ஊரின் பெயரால் எவருக்கும் நோய் ஒட்டுவதில்லை. பயத்தில் செய்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதை அவரிடமும் சொல்லுங்கள். அடுத்த முறை பரவல் வந்து, அவர் சொந்த ஊரில் ஒரு சாவுக்குப் போக நேர்ந்தால், திரும்பி வந்த பின் 21 நாட்களுக்கு முழுச் சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து, காலையும் மாலையும் வெப்பமானி பார்த்து உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சம்பளம் போய்விடும் என்ற நிலை இருந்தால், ஊருக்குப் போனதை அவர் சொல்ல மாட்டார். காய்ச்சலையும் சொல்ல மாட்டார். உங்கள் மகனுக்கு உணவு ஊட்டிக்கொண்டே மறைப்பார். நான் சொன்ன மருத்துவரின் எண்ணை அவர் கையிலும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே மருத்துவமனையில் உங்கள் செலவில் பார்த்துக்கொள்வோம் என்று, வேலைக்கு வரும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.